துளிகளை உரைத்துப் பார்க்கும் ஒளி

பொன்னின் மாற்றை அறிய நம் நாட்டுப் பொற்கொல்லர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறையை நேயர்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். நகையை உரைகல்லின் மேல் மெல்லத் தேய்ப்பார்கள். கல்லில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று விழும். மாற்று இன்னதென்று முன்பே தெரிந்த பொன்னை எடுத்து, அதன் பக்கத்திலேயே மற்றொரு கோடு இழுப்பார்கள். பிறகு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்து, இது இத்தனை மாற்று என்று கூறிவிடுவார்கள். நகையை உருக்க வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதுமில்லை. சிறிதளவு துகள், ஒப்பிடத் தெரிந்த பொன், நல்ல வெளிச்சம், பழகிய கண் ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டுள்ள யந்திரமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. இரத்தம், மருந்துச் சரக்கு போன்றவற்றின் சிறு துளிகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றினூடும் ஒளியைப் பாய்ச்சி, அதன் நிறத்தை எண்ணாக மாற்றித் தரும் யந்திரம் அது. ஐதராபாத், பெங்களூரு, புனே, ஆமதாபாத் முதலிய நகரங்களில் உள்ள மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் பணிபுரியும் நம்மவர் பலர் இதனுடன் நாள்தோறும் பழகுகிறவர்கள். மற்றவர்களில் இரத்த தானம் செய்தவர்கள், தாம் அறியாமலே இதன் முன் வந்து போயிருக்கக் கூடும். ஆகவே இந்த யந்திரம் எதைக் காண்கிறது, எதைக் காண இயலாது என்பதை அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் பயனுள்ளதாகும்.

இதன் கதை ஹங்கேரி நாட்டில் தொடங்குகிறது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இன்புளூயன்சா காய்ச்சல் பரவியது. நோயாளிகளின் இரத்த மாதிரிகள் வந்து குவிந்தன. ஒவ்வொரு மாதிரியையும் பல படிகளாக நீர்த்துப் பார்க்க வேண்டும். படிக்கு ஒரு கண்ணாடிக் குழாய் வேண்டும். துளி அளக்கும் குழல்களோ போதிய அளவு கிடைக்கவில்லை. அந்த நெருக்கடியில் கியூலா டகாட்சி என்ற மருத்துவர் ஓர் எளிய வழி கண்டார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையில், வரிசைக்கு 12 வீதம் 6 வரிசையாகச் சிறு குழிகளைக் கடைந்தார். சுருள் கம்பியின் நுனியில் ஒரே அளவான துளி தொற்றிக் கொள்ளுமாறு செய்து, அதைக் கொண்டே நீர்த்தலையும் நடத்தினார். அலமாரி நிறைய நிற்க வேண்டிய குழாய்களின் வேலை உள்ளங்கை அகலப் பலகை ஒன்றில் நடந்தது. இது நிகழ்ந்தது 1951-ஆம் ஆண்டில்.

நம் வீட்டுப் பல்லாங்குழியை நினைத்துக்கொண்டால் அந்தப் பலகையின் உருவம் மனத்தில் பதியும். பல்லாங்குழிக்கு 14 குழிகள். இன்று உலகெங்கும் வழங்கும் மைக்ரோபிளேட் என்னும் குழித்தட்டிற்கு 8 வரிசையில் 12 வீதம் 96 குழிகள். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடு வரை சரியாக 9 மில்லிமீட்டர். எந்தத் தேசத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் தட்டின் நீள அகலமும் குழிகளின் இடைவெளியும் மாறக் கூடாதென்று பின்னர் ஒரு பொது அளவு வகுக்கப்பட்டது. ஓர் ஊரில் செய்த தட்டு மற்றோர் ஊரில் செய்த யந்திரத்தினுள் பிசகின்றிப் பொருந்துவது இதனால்தான்.

குழிகள் தயாராயின. துளியில் உள்ளதைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் வித்தை 1971-இல் வந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் எங்வால், பெர்ல்மன் என்ற இருவரும், அவர்களைச் சாராமலே நெதர்லாந்தில் வேறு இருவரும் கண்ட இம்முறையை மருத்துவ உலகம் எலைஸா என்று அழைக்கிறது. அதன் உட்கருத்து எளியது. ஒரு நோய்க்கிருமி உடலில் புகுந்தால், அதனுடன் மட்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தக்கூடிய எதிர்ப்பொருளை உடல் உண்டாக்குகிறது. ஆகவே குழியின் சுவரில் முதலில் கிருமியின் கூறு ஒன்றைப் படிய வைக்கிறார்கள். அதன் மேல், சோதிக்க வேண்டியவரின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை விடுகிறார்கள். அதில் எதிர்ப்பொருள் இருந்தால் சுவரைப் பற்றிக்கொள்ளும். இல்லையென்றால் கழுவும்போது எல்லாம் போய்விடும். அடுத்து, மனித எதிர்ப்பொருளைக் கண்டால் அதனுடன் ஒட்டிக்கொள்ளும் மற்றொரு பொருளை, ஒரு நொதியைத் தோளில் சுமத்தி அனுப்புகிறார்கள். மறுபடியும் கழுவுகிறார்கள். இறுதியில் நிறமற்ற ஓர் இரசாயனத்தை விடுகிறார்கள். குழியில் நொதி தங்கியிருந்தால் அது நீலமாகும். அமிலம் சேர்த்து நிறுத்தினால் மஞ்சளாகும். நொதி தங்காத குழி தெளிவாகவே நிற்கும்.

ஒரு தட்டில் 96 குழிகள். சிலவற்றில் அடர்ந்த மஞ்சள், சிலவற்றில் ஒன்றுமில்லை. இவற்றைக் கண்ணே பிரித்தறியும். தொல்லை கொடுப்பவை இடைப்பட்ட குழிகள். இளமஞ்சளா, வெறும் நிழலா என்ற ஐயத்தில், காலையில் பார்த்தவர் ஒன்று சொல்வார், மாலையில் களைத்த கண்ணோடு பார்த்தவர் வேறொன்று சொல்வார். இந்த இடத்தில்தான் ஒளிமானி வந்து சேர்ந்தது. சோதனைச் சாலையில் இதை எலைஸா ரீடர் என்பார்கள்.

அதன் செயல் இவ்வாறு. விளக்கிலிருந்து வரும் ஒளியில், மஞ்சள் நிறம் மிகுதியாக விழுங்கக்கூடிய நீல ஒளியை மட்டும் ஒரு வடிகட்டி பிரித்தெடுக்கிறது. அதன் அலை நீளம் 450 நானோமீட்டர். அந்தக் கதிர் குழியின் வழியாக மேலும் கீழுமாகச் செல்கிறது. மறுபுறத்தில் உள்ள ஒளியுணர் கருவி, எவ்வளவு ஒளி தப்பி வந்தது என்று அளக்கிறது. பத்தில் ஒரு பங்கு வந்தால் யந்திரம் 1 என்று எழுதும். நூற்றில் ஒரு பங்கானால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கானால் 3. தட்டை அடியோடு நகர்த்திக் கொண்டே போய், 96 குழிகளின் எண்களையும் ஒரு நிமிஷத்திற்குள் வரிசைப்படுத்தி விடும்.

ஒளியைப் பக்கவாட்டில் விடாமல் செங்குத்தாக விடுவதில் ஒரு நயம் உண்டு. பானகத்தில் நீரைக் கூட்டினால் இனிப்புக் குறையும். ஆனால் அதில் உள்ள வெல்லம் குறைவதில்லை. அதுபோலவே, குழியில் நீர் சற்று அதிகமானால் நிறம் நீர்த்துப் போகும். அதே வேளையில் திரவத்தின் உயரமும் கூடும். மேலிருந்து கீழே செல்லும் கதிர் வழியில் சந்திக்கும் நிறப்பொருளின் மொத்தம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். துளி அளப்பதில் நேரும் சிறு பிழை ஒன்று இவ்விதம் தானே சரியாகிவிடுகிறது. தட்டின் அடியில் விரல் ரேகையோ கீறலோ இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். மஞ்சள் நிறம் விழுங்காத வேறோர் ஒளியாலும் அதே குழியை அளந்து, முதல் எண்ணிலிருந்து அதைக் கழித்து விடுகிறார்கள். அழுக்கு இரண்டையும் தடுக்கும். மஞ்சள் ஒன்றை மட்டுமே தடுக்கும். கழித்த பின் மஞ்சளின் கணக்கு மட்டும் நிற்கும்.

ஒரு வேலையை யந்திரம் பிழையின்றிச் செய்யத் தொடங்கினால், மனிதன் அதனிடம் அதைவிடப் பெரிய வேலையைக் கொடுப்பது இயல்பு. மருந்து தேடுவோர் இதனிடம் வந்தனர். ஒரு கிருமியை அடக்கவல்ல பொருள் எதுவென்று முன்கூட்டிச் சொல்ல இயலாத போது, உள்ள பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே வழி. ஒரு லட்சம் பொருள்களைச் சோதிக்க 96 குழித் தட்டுகள் 1,042 வேண்டும். குழிகளைச் சிறுத்து ஒரே அளவான தட்டில் 384 ஆக்கினால் 261 தட்டுகள் போதும். 1,536 ஆக்கினால் 66 தட்டுகளே போதும். இந்தக் கடைசி வகையில் ஒரு குழிக்கு விடும் திரவம், சாதாரணத் துளி ஒன்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மனிதக் கையால் இதை நிரப்ப இயலாது. யந்திரக் கைகளே துளி விடுகின்றன, தட்டை எடுத்துச் சூட்டுப் பெட்டியில் வைக்கின்றன, உரிய நேரத்தில் எடுத்து ஒளிமானியிடம் கொடுக்கின்றன. இரவு முழுவதும் ஆளில்லாத அறையில் வேலை நடக்கிறது.

சில சோதனைகளில் நிறத்திற்குப் பதிலாகத் துளி தானே ஒளிவிடும். மின்மினிப் பூச்சியின் ஒளிக்குக் காரணமான நொதியை உயிரணுவில் புகுத்தி, அது மினுக்கும் அளவைக் கொண்டு உயிரணுவின் நிலையை அறிகிறார்கள். அத்தகைய மங்கிய ஒளிக்கு வெள்ளைத் தட்டு ஏற்றது. புற ஒளி பட்டு ஒளிரும் பொருள்களுக்குக் கறுப்புத் தட்டு ஏற்றது.

இத்தகைய தேடல்களில் கிடைத்த பலன்களுள் ஒன்று நம் நாட்டிற்கு நெருங்கியது. காசநோய்க் கிருமியின் உறவான, ஆனால் விரைவில் வளரும் ஒரு கிருமியை வைத்து, பெல்ஜியத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் விஞ்ஞானிகள் பல்லாயிரம் பொருள்களைச் சோதித்தனர். அதன் வளர்ச்சியைத் தடுத்த பொருள்களிலிருந்து உருவானதே பெடாகுவிலின். அதைப் பற்றிய ஆராய்ச்சி 2005-இல் வெளியாயிற்று. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காசநோய்க்கென ஒரு புதிய வகை மருந்து வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 முதல் நம் நாட்டு அரசும் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு அதைக் கொடுத்து வருகிறது.

ஆனால் ஒளிமானி சொன்ன எண்ணை அப்படியே நம்பியவர்கள் ஏமாந்ததும் உண்டு. சோதிக்கும் பொருளே மஞ்சள் நிறமாக இருந்தால், ஒன்றும் நிகழாமலே யந்திரம் பெரிய எண்ணைத் தரும். மின்மினி நொதியையே தடுக்கும் பொருளைச் சேர்த்தால், நல்ல நிலையில் உள்ள உயிரணுவும் அணைந்தது போலத் தோன்றும். சூட்டுப் பெட்டியில் தட்டு நெடுநேரம் இருந்தால் ஓரத்துக் குழிகளில் நீர் முதலில் வற்றும். இதற்கு அஞ்சி, ஓரத்தில் உள்ள 36 குழிகளையும் வெறும் நீரால் நிரப்பிவிட்டு, உள்ளே உள்ள 60 குழிகளில் மட்டும் சோதனை செய்வோர் உண்டு. ஆகவே ஒரு தட்டில் கண்ட பொருள் மருந்து என்று எவரும் உடனே சொல்வதில்லை. வேறொரு முறையில், வேறொரு ஒளியில் மறுபடி உரைத்துப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கண்டவற்றில் மிகச் சிலவே அந்த இரண்டாம் உரைப்பில் நிலைக்கின்றன.

இனி, நம் இரத்தத்தோடு தொடர்புள்ள பகுதிக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எய்ட்ஸ் நோய் வெளிநாட்டு விவகாரம் என்றே இந்தியாவில் பலரும் எண்ணியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. மராட்டியக் குடும்பத்தில் சென்னையில் பிறந்தவர் அவர். தம் மாணவியாகிய டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தார். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டிருந்த பெண்கள் பலரிடம் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லாமையால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கே எலைஸா முறையில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது அவ்விதம் முதன்முதலாகத் தெரியவந்தது.

அடுத்து அவர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. ஆறு குழிகள் நிறம் மாறியதைக் கொண்டு முடிவு கட்டிவிடவில்லை. மாதிரிகளை அமெரிக்காவிற்கு அனுப்பி, வேறொரு முறையால் உறுதி செய்து கொண்டார்கள். அந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

இரத்த தானம் செய்ய 10,000 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் உண்மையாகவே நோய்க்கிருமி உள்ளவர் 10 பேர் என்றும் கொள்வோம். சோதனை அந்தப் பத்துப் பேரையும் தவறாமல் காட்டுகிறது. நோயற்றவர்களில் ஆயிரத்திற்கு ஐந்து பேரிடம் மட்டும் தவறுகிறது. மிக நல்ல சோதனை என்றே சொல்வோம். ஆனால் நோயற்றவர்கள் 9,990 பேர். அவர்களில் ஏறக்குறைய 50 பேருடைய குழியும் மஞ்சளாகும். ஆக, மஞ்சளான 60 குழிகளில் 10 மட்டுமே மெய். ஆறு பேரில் ஐவர் வீணே கலங்க நேரும். மெய்யானவர் ஒருவரும் தப்பக் கூடாதென்று எல்லைக் கோட்டைத் தாழ்த்தி வைப்பதன் விலை இது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை மனிதர்களே தீர்மானித்தார்கள். இரத்தம் பெறும் நோயாளியைக் காக்கும் பொருட்டு அதைத் தாழ்வாகப் போட்டார்கள். ஐயத்திற்கு இடமான இரத்தப் பை எறியப்படுகிறது. தானம் செய்தவர் மறு சோதனைக்கு அழைக்கப்படுகிறார்.

ஆகையால், இரத்த நிலையத்திலிருந்து மறுபடி வருமாறு உங்களுக்குச் செய்தி வந்தால், அதைத் தீர்ப்பென்று எண்ணி ஒளிந்துகொள்ள வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம். செல்லுங்கள். அரசாங்கத்தின் ஆலோசனை, சோதனை நிலையங்களில் ஹெச்.ஐ.வி. சோதனை இலவசமாகவே நடக்கிறது. விளக்கம் கூறிச் சம்மதம் பெற்றே சோதிக்க வேண்டும், முடிவை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. நோய் உறுதியானாலும், இன்று அதற்கு வாழ்நாள் முழுவதும் காக்கும் மருந்து உண்டு.

யந்திரத்தின் மற்றொரு குறை இதற்கு நேர்மாறானது. கிருமி உடலில் புகுந்த உடனே எதிர்ப்பொருள் உண்டாவதில்லை. சில வாரங்கள் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் எடுத்த இரத்தத்தில் கிருமி இருக்கும். குழியோ தெளிவாகவே நிற்கும். புதிய முறைகள் இந்த இடைவெளியைச் சுருக்கியுள்ளன, அடியோடு போக்கிவிடவில்லை. ஒளி எவ்வளவு கூர்மையானதாயினும், இல்லாத நிறத்தை அது காண முடியாது.

அந்த இடைவெளியை நிரப்புவது ஒரு காகிதம். தானம் செய்யுமுன் நிரப்பித் தரும் விண்ணப்பத்தில் சில கேள்விகள் உள்ளன. அண்மையில் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்ததா, பச்சை குத்திக்கொண்டீர்களா, நோய் தொற்றக்கூடிய உறவு ஏதும் நேர்ந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். ஒளிமானியால் அறிய இயலாதவற்றையே அவை கேட்கின்றன. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இங்கேதான் ஓர் இடர்ப்பாடு. விண்ணப்பம் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ இருக்கும். பேசத் தெரிந்த மொழி படிக்கத் தெரியாததாக இருக்கும். பின்னால் வரிசை நிற்கும். அருகில் இருப்பவர் எல்லாவற்றிற்கும் இல்லை என்று எழுதிவிடுங்கள் என்பார். நாமும் கையெழுத்திட்டு விடுவோம். தொழிற்சாலையிலோ சங்கத்திலோ நடக்கும் முகாம்களில் இது எளிதாக நேரக்கூடியது. இரக்கத்தோடு கொடுத்த இரத்தம், முன்பின் அறியாத ஒரு குழந்தைக்கோ பிரசவித்த தாய்க்கோ தீங்காக முடிய இடம் உண்டு.

ஆதலால் நேயர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தானம் செய்யப் போகும்போது விண்ணப்பத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விடை எழுதுங்கள். பலர் முன்னிலையில் சொல்லத் தயங்கும் விடையாக இருந்தால், மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். இன்று கொடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் முகாம் நடத்துமானால், அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதி வாயிலில் ஒட்டி வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். துளியை உரைத்துப் பார்க்கும் வேலையை ஒளி செய்துகொள்ளும். கேட்ட கேள்விக்கு உள்ளது உள்ளபடி விடை கூறுவது நம்முடைய பங்கு.